'இல்லை' என்று மட்டும் சொன்ன இரத்தம்

என் பிள்ளைக்கு,

கல்யாணத்துக்கு நீ வந்து இறங்கும்போது நம் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. பந்தல்காரர், சமையல்காரர், அப்பாவின் அச்சகத்து ஆட்கள், என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்று வீடு நிறைந்து கிடக்கும். நீயும் நானும் நின்று பேச ஒரு மூலைகூடக் கிடைக்காது. அதனால் சொல்ல நினைத்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். டீச்சர் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று பயந்து மடித்து வைத்துவிடாதே. இது பெரும்பாலும் என் நிம்மதியைப் பற்றிய கடிதம். போன வருஷம் இதே மாதத்தில் யாராவது வந்து, உன் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கும், மணவறைக்குப் பக்கத்தில் நீ அம்மாவாக நிற்பாய் என்று சொல்லியிருந்தால், ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.

உன்னை நான் விஞ்ஞானத்தின் மடியில்தான் வளர்த்தேன். அதற்காக வருத்தப்படவில்லை. சின்ன வயதில் நீ அடுப்படியில் வந்து உட்கார்ந்தால், எரிகிற விறகின் மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி மஞ்சள் சுடர் காட்டுவேன். செப்புக் கம்பியைக் காய்ச்சிப் பச்சைச் சுடர் காட்டுவேன். தீபாவளிக்கு மற்ற பிள்ளைகள் மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு ஆடும்போது, நீ சிவப்பு எந்த உப்பு, பச்சை எந்த உப்பு என்று சொல்லிக்கொண்டு நிற்பாய். அம்மை குத்த முனிசிபாலிட்டி ஆட்கள் வந்த அன்று நம் தெருவில் அத்தனை வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது நினைவிருக்கிறதா? ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்று உன் கையை நீட்டினேன். நீ ஊரைக் கூட்டி அழுதாய். ஆனால் உன் அழுகை அடங்குவதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் திறந்தன. பக்கத்துத் தெருவில் அம்மை பரவியபோது நம் தெரு தப்பித்தது. இன்றைக்கும் அதையே செய்வேன். சோதித்துப் பார்க்க முடியாத எதையும் உண்மை என்று ஒத்துக்கொள்ளாதே என்று வகுப்பில் சொல்வேன், அதையே வீட்டிலும் சொல்வேன். வகுப்புக்கு அது நல்ல வாக்கியம். வீட்டுக்கு அது எவ்வளவு தூரம் போதும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அவசியம் வந்தது என் வயிற்றில் கட்டி வந்தபோது. மதுரையில் ஆபரேஷன் என்று முடிவானது. நீ அங்கேயே டாக்டருக்குப் படிக்கிறாய் என்பதால் அப்பாவுக்குப் பெரிய தைரியம். உடம்பில் இரத்தம் குறைவாக இருக்கிறது, ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். வேறு யாரையும் கேட்க வேண்டாம், நானே கொடுக்கிறேன் என்று நீ சொன்னாயாம். மயக்கமும் பயமுமாகக் கிடந்த எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். உன் சீனியர் ஒருவரை வைத்துக்கொண்டு என் இரத்தத்தை நீயே சோதித்திருக்கிறாய். வெள்ளைப் பீங்கான் குழியில், இரத்த வகை பார்க்கிற இரண்டு மருந்திலும் என் சொட்டு கலங்காமல் அப்படியே நின்றது. உன் சொட்டு இரண்டிலும் பால் திரிந்த மாதிரி திரிந்தது. என் இரத்தம் ஓ, உன் இரத்தம் ஏபி. ஓ இரத்தக்காரிக்கு ஏபி பிள்ளை பிறக்காது என்பது உனக்குப் பாடம். மருந்து பழசாக இருக்குமோ என்று வேறு மருந்து வாங்கி வந்து மறுபடியும் பார்த்தாயாம். மறுபடியும் அதே. கடைசியில் உன்னோடு படித்த பையன் ஒருவன் எனக்கு இரத்தம் கொடுத்தான். முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் இரத்தம்தான் என்னைப் பிழைக்க வைத்தது.

தையல் பிரிப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். உட்காரவில்லை. அப்பா காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாய்.

"என்னை நீங்க பெத்தீகளா?"

கேள்வியைவிட அந்த 'நீங்க' என்ற சொல்தான் என்னைக் குத்தியது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீ 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறாய். ஊருக்கே வாத்தியாரம்மாவாக இருந்தாலும் உனக்கு மட்டும் நான் 'நீ'தான். கோபம் வந்தாலும் 'போ' என்றுதான் சொல்வாய். அன்றைக்கு யாரோ ஒரு பெரிய மனுஷியிடம் விவரம் கேட்கிற மாதிரிக் கேட்டாய். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லைய்யா" என்றேன். எல்லாவற்றையும் அப்போதே சொன்னேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய். எதெல்லாம் காதில் விழுந்ததோ தெரியாது. ஆகவே அதை இங்கே மறுபடி எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அப்பாவின் அச்சகத்துக்குப் பக்கத்தில், சிவகாசியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள். அடுத்த வீட்டில் முத்துமாரி. தாயில்பட்டிப் பெண், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காகச் சிவகாசிக்கு வந்தவள். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று தகவல் வந்தபோது அவள் நிறைமாதம். நானும் நிறைமாதம். இருவரும் சேர்ந்துதான் தண்ணீருக்குப் போவோம். எனக்குப் பிறந்த பெண் குழந்தை அழவில்லை. அதை அப்பா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சில நாளில் முத்துமாரிக்கு நீ பிறந்தாய். உன்னைப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டாள், என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு அவளுக்கு ஜன்னி கண்டது. நீ பசித்து அழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. யாரும் என்னை அழைக்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. எழுந்து போய் உன்னை எடுத்துக்கொண்டேன். முத்துமாரி கண் திறந்து அதைப் பார்த்தாள். நீ பால் குடிப்பதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தாள். மறுநாள் அவள் இல்லை.

அவள் தம்பி அய்யனார் ஊரிலிருந்து உன்னைத் தூக்கிப் போக வந்தார். அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நெடுநேரம் நின்றவர், "இருக்கட்டும்க்கா. ஒங்க பிள்ளையாவே இருக்கட்டும். நாங்க கேட்டு வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். கொஞ்ச நாளில் அப்பா என் படிப்புக்கு வேலை கிடைத்ததைச் சாக்காக வைத்துக் குடித்தனத்தை விருதுநகருக்கு மாற்றினார். இங்கே வந்த பிறகு சொல்ல வேண்டிய நேரம் இது என்று எந்த நாளும் எங்களுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

நான் சொல்லி முடித்ததும் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னைக் குத்திக்காட்ட இல்லை. இந்தக் கடிதமே அதற்குப் பதில் என்பதால்.

"சோதிச்சுப் பாக்க முடியாததை நம்பாதேன்னு நீங்கதான் சொன்னீக. இப்ப சோதிச்சுப் பாத்துட்டேன். நீங்க எனக்கு அம்மா இல்ல. இத்தன வருசமும் பொய்தான்."

நான் வகுப்பில் சொன்ன வாக்கியத்தை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாய். உன் சோதனை சரி. பீங்கான் குழியில் நடந்தது சரி. உன் பாடப்புத்தகமும் சரி. அத்தனையும் சரியாக இருந்தும் நீ வந்து சேர்ந்த முடிவு மட்டும் தப்பு என்று என் உடம்பு முழுக்கத் தெரிந்தது. எங்கே தப்பு என்றுதான் எடுத்துக்காட்ட முடியவில்லை. கணக்கில் விடை தப்பு என்று தெரிந்தும் எந்த வரியில் பிசகினோம் என்று தெரியாமல் நிற்கிற பிள்ளையைப் போலக் கிடந்தேன்.

அதன் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. ஒரு வரி எழுதவும் இல்லை. அப்பா மட்டும் இரண்டொரு தடவை மதுரைக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், ஒன்றும் பேசவில்லை என்பார். "ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்கு எதுக்க உக்காந்து நல்லாச் சாப்பிட்டான். பாத்துக்கிட்டு இருந்தேன்." அவ்வளவுதான் அவர் கொண்டுவந்த செய்தி. எனக்கு அது போதுமானதாக இருந்தது, ஒரு வாரத்துக்கு. பள்ளிக்கூடத்தில் காற்றழுத்தம் நடத்துவேன், அமிலம் காரம் நடத்துவேன், அந்த வாக்கியத்தை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

நீ தாயில்பட்டிக்குப் போன கதையை நீ சொல்லித்தான் நான் அறிவேன். உண்மையான சொந்தத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறாய். அய்யனார் பட்டாசு ஆபீஸ் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தேய்த்துக் கழுவியும் போகாமல் உள்ளங்கையில் அலுமினியப் பொடி மினுங்கிக்கொண்டிருந்தது. நீ யாரென்று சொல்வதற்குள் அவர் உன் பெயரைச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டாய். ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நாங்கள் உன்னைக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஆற்று மணலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்திருக்கிறார். நீ மொட்டை போட்டுக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறார், கால்சட்டையிலிருந்து வேட்டிக்கு மாறியதைப் பார்த்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பா ஆசைப்படுகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கூட்டத்தில் நடந்தவள் நான்.

"அப்ப ஏன் கிட்ட வந்து பேசல?" என்று நீ கேட்டதற்கு, "வரமாட்டேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்லா மருமகனே" என்றாராம்.

அப்போதும் உனக்கு ஆறவில்லை. அவர் விரலில் கொஞ்சம் இரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்து மதுரைக்குக் கொண்டுபோனாய். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, விரலை நீட்டினார். சோதித்தாய். பி என்று வந்தது. அந்தக் குழியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நீ சொன்னாய். பி இரத்தம் ஊரில் எத்தனையோ பேருக்கு ஓடுகிறது. அவர் உன் மாமனாக இருக்கலாம் என்பதற்கு அது தடை சொல்லவில்லை, மாமன்தான் என்றும் சொல்லவில்லை. நான் உன்னைப் பெறவில்லை என்று சொல்லத் தெரிந்த இரத்தத்துக்கு, யார் பெற்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. முத்துமாரி என்ற பெயரும், அவள் உன்னை மடியில் வைத்துப் பார்த்தாள் என்பதும், அய்யனார் அவளுடைய தம்பி என்பதும் உனக்கு வந்தது ஒரே வழியில்தான்: என் வாய்ச்சொல். நம்ப முடியாதவள் என்று நீ விட்டுவிட்டுப் போன அதே வாயிலிருந்து கேட்டதை நம்பித்தான் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போயிருக்கிறாய். இது உனக்கே தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அய்யனாரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, தலை நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் நீ. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாய். அங்கிருந்து உன் குரல் வந்தது.

"பசிக்குதும்மா. என்ன வச்சிருக்க?"

வச்சிருக்க. வச்சிருக்கீக இல்லை. கையிலிருந்த சிவப்புப் பென்சிலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. அய்யனார் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். "நான் கூட்டிட்டு வரலக்கா. அவுகளாத்தான் வந்தாக. நான் சொன்ன சொல்லு அப்படியேதான் இருக்கு" என்றார். வாக்குத் தவறிவிட்டார் என்று நான் நினைத்துவிடுவேனோ என்று அந்த மனுஷருக்குப் பயம். அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள், உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. புளிக்குழம்பும் அப்பளமும்தான் இருந்தது. நீங்கள் இருவரும் சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான், ஓட்டலில் அப்பா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் அர்த்தம் எனக்கு விளங்கியது.

அன்று கட்டிலில் கிடந்தபடி எடுத்துக்காட்ட முடியாமல் போன தப்பு எது என்று இப்போது எனக்குத் தெரியும். சோதனை, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இந்த உடம்பு அந்த உடம்பிலிருந்து வந்ததா என்று நீ கேட்டாய், இல்லை என்றது. இவள் என் அம்மாவா என்ற கேள்வியை நீ குழியில் விடவேயில்லை. விட்டிருந்தாலும் அது திரிந்திருக்காது. இரண்டையும் ஒரே கேள்வி என்று எடுத்துக்கொண்டாய். அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது என் வாக்கியம். நாளைக்கு இதைவிட நுட்பமான சோதனை வரலாம். 'ஆம்' என்று சொல்லக்கூடிய சோதனையும் வரலாம். நீயே கண்டுபிடித்தாலும் ஆச்சரியமில்லை. வரட்டும். அப்போதும் அது அய்யனார் உன் மாமன் என்று சொல்லுமே தவிர, ஆசை இருந்தும் வருஷக்கணக்காக மணலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் என்று சொல்லாது. கொடுத்த வாக்கும், அதைக் காப்பாற்றியதும் நடந்த விஷயங்கள். உப்பு மஞ்சளாக எரிவது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. அவற்றைத் தெரிந்துகொள்ள மனிதர்களோடு பழக வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், சில நேரம் முதலில் நம்பிவிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூடநம்பிக்கைக்கெல்லாம் கதவைத் திறந்துவிடாதே. நாளைக்கே அம்மை குத்த ஆட்கள் வந்தால் உன் பிள்ளையை நடுத்தெருவுக்குத் தூக்கிப் போகிறவள் நானாகத்தான் இருப்பேன். நோயாளியைச் சோதிக்காமல் மருந்து கொடுக்காதே. ஆனால் அந்த நோயாளி தன் வலியைச் சொல்லும்போது, உன் கருவியில் தெரியவில்லை என்பதற்காக வலியே இல்லை என்று சொல்லிவிடாதே. வீட்டிலும் அப்படித்தான். நீ கட்டப்போகிற பெண், உன்னோடு படித்தவள், உன் கதையை நீயே முதலில் சொன்னபோது, "ஒங்க அம்மாவை எப்பப் பாக்கலாம்?" என்று மட்டும் கேட்டாளாம். இப்படிப்பட்டவளிடம் அன்புக்கு அத்தாட்சி கேட்டு நிற்காதே. அத்தாட்சி கேட்கக் கேட்கத் தேய்கிற பொருள் அது.

இனி கல்யாணச் செய்தி. மணவறையில் தாய்மாமனாக அய்யனார் மாமாவும் மாலை போட வேண்டும் என்று நீ எழுதியதை என் அண்ணனிடம் சொன்னேன். உன் சுந்தரம் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, பருப்பு மண்டியில் நிறுவைத் தட்டு ஆடினாலே சத்தம் போடுகிறவர். "ஒரு மாப்பிள்ளைக்கு ரெண்டு தாய்மாமனா? சபை சிரிக்கும்" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் என்னிடம்கூடச் சொல்லாமல் வெற்றிலை பாக்குத் தட்டோடு தாயில்பட்டிக்கு பஸ் ஏறியிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "மாலை ரெண்டாச் சொல்லிரு" என்றார்.

இப்போது புதுத் தகராறு. யார் முதலில் மாலை போடுவது என்று. ரத்தம் அவருடையது, அவர்தான் முதலில் போட வேண்டும் என்கிறார் சுந்தரம் மாமா. அண்ணாச்சிதான் மூத்தவுக, வளத்த வீட்டுக்காரவுக, அவுக போடாம நான் தொடமாட்டேன் என்று அய்யனார் மாமா ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். நீ வந்துதான் தீர்க்க வேண்டும். யார் முதலில் போட்டாலும் சரி, நீ மட்டும் நன்றாகக் குனிந்து நில். இரண்டு பேருமே உன் தோள் உயரம்தான்.

அம்மா